தொழிலுக்கு உரிமமா, ஆபத்துக்கு உரிமமா?

மருத்துவரும் விமானியும் உரிமம் பெற்ற பிறகே தொழில் செய்ய வேண்டும் என்பதில் பெரிய தகராறு எதுவும் இல்லை. முடி திருத்துபவர், டைல்ஸ் பதிப்பவர், பூ அலங்காரம் செய்பவர், வீட்டு உட்புறத்தை வடிவமைப்பவர் என்று சாதாரணத் தொழில்களில் இருப்பவர்களும் அரசிடம் உரிமம் வாங்கினால்தான் வேலை செய்யலாம் என்று சட்டம் சொல்லலாமா என்பதுதான் இங்கே கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய தொழில்களில் பெரும்பாலானவற்றுக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் அவற்றுக்குள் அடங்கியிருக்கும், உயிருக்கே உலை வைக்கக்கூடிய சில குறிப்பிட்ட வேலைகளுக்கு அது கட்டாயம் வேண்டும். தொழிலையும் அதனுள் இருக்கும் ஆபத்தையும் பிரித்துப் பார்க்காததால்தான் இந்த விவாதம் எப்போதும் ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்று இரண்டு கட்சிகளாக நின்றுவிடுகிறது.

சொற்களை முதலில் சரிசெய்துகொள்வது நல்லது. மூன்று வேறு ஏற்பாடுகளை நாம் ‘லைசென்ஸ்’ என்ற ஒரே சொல்லால் அழைத்துக்கொண்டிருக்கிறோம். பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் 1962-ல் இவற்றைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். முதலாவது பதிவு: இன்னார் இந்தத் தொழில் செய்கிறார் என்று ஓர் ஏட்டில் பெயரை எழுதிக்கொள்வது, கேட்டவர் யாருக்கும் அது மறுக்கப்படுவதில்லை. இரண்டாவது சான்று: தேர்வில் தேறியவர் மட்டுமே ஒரு பட்டத்தைப் பெயரோடு சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் தேறாதவரும் அதே வேலையைச் செய்யத் தடையில்லை. மூன்றாவதுதான் உரிமம்: தகுதி பெறாதவர் அந்த வேலையில் கை வைத்தாலே குற்றம். பிரிட்டனின் 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெறாத ஒருவர் தொழிலில் தம்மை ‘ஆர்க்கிடெக்ட்’ என்று அழைத்துக்கொள்ள முடியாது. ஆனால் அவர் கட்டடத்துக்கு வரைபடம் போடுவதை யாரும் தடுக்கவில்லை. இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் உச்ச நீதிமன்றம் 2020-ல் ஏறக்குறைய இதே பொருளில் விளக்கி, சட்டம் காப்பது பட்டத்தைத்தான், பணியை அன்று என்றது. பிரிட்டனில் முடி திருத்துபவர்களுக்கு 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு பதிவேடு உண்டு; அதில் சேர்வது அவரவர் விருப்பம். அமெரிக்காவின் மாநிலங்களிலோ அதே கத்திரிக்கோலைக் கூலிக்குப் பிடிக்க உரிமம் வேண்டும். இரு நாட்டுத் தலைகளுக்கும் இதனால் ஏதேனும் வித்தியாசம் இருப்பதாக இதுவரை எனக்குத் தெரியவில்லை.

தகுதி பார்த்துத் தொழிலுக்குள் விடுவது புதிய யோசனை அன்று. 931-ல் பாக்தாத்தில் ஒரு மருத்துவரின் தவற்றால் நோயாளி இறந்தபோது, கலீபா அல்-முக்ததிர், சினான் இப்னு தாபித் என்னும் மருத்துவரிடம் தேர்வு கொடுத்துத் தேறியவர்களே நகரத்தில் வைத்தியம் பார்க்கலாம் என்று ஆணையிட்டதாகப் பழைய அரபு வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அங்கே நோயும் மருந்தும் பொருந்துகின்றன. இங்கிலாந்தின் 1563-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு ரகம். அப்போது நடைமுறையில் இருந்த தொழில்கள் எதிலும், ஏழு ஆண்டுகள் ஒரு முதலாளியிடம் பழகுநராக இருந்து முடிக்காதவர் இறங்கக் கூடாது என்று அது விதித்தது. இதன் விளைவை ஆடம் ஸ்மித் 1776-ல் சுட்டிக்காட்டிய விதம் இன்றும் ரசிக்கத்தக்கது. கோச்சு வண்டி செய்பவர் தம் வண்டிக்குத் தாமே சக்கரம் செய்துகொள்ளக் கூடாது. சக்கரத் தச்சரிடம்தான் வாங்க வேண்டும். சக்கரத் தச்சரோ, கோச்சு செய்பவரிடம் ஒரு நாள்கூடப் பழகாமலேயே முழு வண்டியையும் செய்து விற்கலாம். ஏனென்றால் சட்டம் வந்தபோது சக்கரத் தொழில் இங்கிலாந்தில் இருந்தது, கோச்சுத் தொழில் இல்லை. அச்சட்டத்தின் பழகுநர் விதிகளை நாடாளுமன்றம் நீக்க 1814 வரை ஆயிற்று. இரண்டரை நூற்றாண்டுகளாக அந்த விதி யாரைக் காத்தது என்று கேட்டால், வண்டியில் ஏறியவர்களை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் உரிமத்துக்கு ஆதரவான வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பொருளாதார அறிஞர்களான கென்னத் ஆரோ 1963-ல் மருத்துவத்தை வைத்தும், ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-ல் பழைய கார்ச் சந்தையை வைத்தும் விளக்கியது ஒன்றுதான்: விற்பவருக்குத் தெரிந்த தரம் வாங்குபவருக்குத் தெரியாத இடத்தில் சந்தை தானாகச் சரியாகிவிடாது. நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாத வாடிக்கையாளர் நடுத்தரமான விலையைத்தான் தருவார். அந்த விலைக்கு நல்ல தொழிலாளி கட்டுப்படியாகாமல் வெளியேறுவார். எஞ்சி நிற்பவர்கள் மட்டமானவர்களாக இருப்பார்கள். இதற்கு மாற்றாக இருக்கும் அமைப்புகளில் ஒன்றாக உரிமத்தையும் அக்கர்லாஃப் குறிப்பிட்டார். உண்மையில் பலன் தந்த உரிமங்களும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மாநிலங்கள் பல, பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகளுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கின. அந்தச் சட்டங்களால் பேறுகால மரணம் 6 முதல் 7 விழுக்காடு வரை குறைந்ததாக 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. உரிமம் என்றாலே சூழ்ச்சி என்று பேசுபவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஆனால் மருத்துவச்சியின் வேலையில் சேர்ந்து நிற்கும் மூன்று அம்சங்களையும் கூடவே பார்க்க வேண்டும். தவறு நடந்தால் அதைத் திருப்ப முடியாது. பணியைக் கேட்டு வாங்குபவருக்குத் தரம் முன்கூட்டியும் தெரியாது, பல சமயம் பின்னாலும் தெரியாது. மூன்றாவதாக, கேட்டை அனுபவிப்பவர்களில் ஒருவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவே முடியாத சிசு. கோணலாக வெட்டிய முடிக்கு இந்த மூன்றில் எதுவும் பொருந்தாது. அது வளர்ந்துவிடும், கண்ணாடியிலேயே தெரியும், பக்கத்து வீட்டுக்காரரின் தலையைப் பாதிக்காது. சுவருக்குள் ஓடும் மின்கம்பிக்கோ மூன்றும் பொருந்தும். இன்றைக்குக் கம்பியை மோசமாக இணைத்தால், பத்து ஆண்டு கழித்து அந்த வீட்டை வாங்கிய வேறொரு குடும்பம் தூக்கத்தில் தீயில் சிக்கலாம்.

இந்த இடத்தில்தான், என் பார்வையில், விவாதத்தின் மையமே இருக்கிறது. உரிமம் ஆளைச் சோதிக்கிறது, அதுவும் பெரும்பாலும் தொழிலுக்குள் நுழையும்போது ஒரே ஒரு முறை. கேடு வருவதோ அன்றாடம் நடக்கும் வேலையிலிருந்து. சமையற்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இருநூறு பேரை மருத்துவமனைக்கு அனுப்பக்கூடியவர் அவர். இருந்தும் பெரும்பாலான நாடுகளில் சமைப்பதற்குத் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக ஆய்வாளர் முன்னறிவிப்பின்றிச் சமையலறைக்குள் வந்து, குளிர்பெட்டியின் வெப்பநிலையைப் பார்க்கிறார், பச்சை இறைச்சி வெட்டிய பலகையிலேயே காய்கறி நறுக்குகிறார்களா என்று பார்க்கிறார், தேவைப்பட்டால் இடத்தை மூடுகிறார். இந்த முறை முழுமையானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் ஆயிரம் மணி நேரச் சமையல் படிப்பைக் கட்டாயமாக்கினால் உணவு நஞ்சாவது நின்றுவிடும் என்று யாராவது நம்புகிறார்களா? கை கழுவாதவர் பட்டம் பெற்ற பிறகும் கை கழுவாதவராகவே இருக்கலாம்.

சமையலிலேயே ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. ஜப்பானில் ஃபுகு எனப்படும் பேத்தை மீனை அறுத்துப் பரிமாறுவதற்குத் தனி உரிமம் வேண்டும். அதன் ஈரலிலும் சினைப்பையிலும் இருக்கும் நஞ்சு மூச்சுத் தசைகளையே செயலிழக்கச் செய்துவிடும், முறிமருந்து கிடையாது, கத்தி எந்த இடத்தில் எப்படிப் போகிறது என்பதில்தான் சாப்பிடுபவரின் உயிர் இருக்கிறது. தேர்வும் அந்தத் திறமையையே சோதிக்கிறது, மீனை அறுத்து நஞ்சுள்ள உறுப்புகளைப் பிரித்துக் காட்டச் சொல்கிறது. ஒரே ஒரு மீனுக்கு உரிமம், மற்ற மீன்களுக்கு ஆய்வாளர். இதைவிடத் தெளிவான எல்லைக்கோட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எரிவாயுவில் பிரிட்டன் செய்திருப்பதும் இதே போக்குதான். 1968-ல் லண்டனில் ரோனன் பாயின்ட் என்னும் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒரு மூலை எரிவாயு வெடித்துச் சரிந்தது. அதைத் தொடர்ந்து 1970-ல் தன்னார்வப் பதிவேடு ஒன்று உருவாகி, 1991-ல் கட்டாயமாகி, 2009-ல் வேறொரு பதிவேட்டுக்கு மாறியது. அங்கே பிளம்பர் வேலைக்குப் பொதுவான உரிமம் இல்லை. குழாய் மாற்றலாம், கழிவறை பொருத்தலாம், யாரும் கேட்க மாட்டார்கள். எரிவாயுக் குழாயில் அல்லது கொதிகலனில் கை வைத்தால்தான் பதிவு வேண்டும். அந்த அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தால், இவருக்கு எந்தெந்தச் சாதனத்தில் வேலை செய்யத் தகுதி உண்டு என்று பின்புறத்தில் வரிசையாகப் போட்டிருக்கும்; அடுப்புக்கு மட்டும் தகுதி பெற்றவர் கொதிகலனைத் திறக்கக் கூடாது. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மறுபடி சோதிக்கப்பட வேண்டும். வீட்டு மின்வேலையில் இங்கிலாந்து 2005 முதல் இன்னும் ஒரு படி மேலே போய், பெரிய வேலை என்றால் பதிவு பெற்றவர் செய்து தாமே சான்றளிக்கட்டும், இல்லையென்றால் கட்டட ஆய்வுத் துறைக்குத் தெரிவித்து வேலையைப் பரிசோதிக்கச் செய்யட்டும் என்று இரண்டு வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. இரண்டாவது வழியில் செய்பவர் யார் என்பதைவிடச் செய்தது எப்படி இருக்கிறது என்பதே பார்க்கப்படுகிறது.

இனி எதிர்த்திசையில் ஒரு வழக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நூலால் புருவம் திருத்துவது பலருக்கும் தெரிந்த வேலை. பருத்தி நூலை முறுக்கி, ஒரு முனையைப் பல்லில் கடித்தோ கழுத்தில் மாட்டியோ பிடித்துக்கொண்டு, விரல்களை விரித்தும் சுருக்கியும் அந்த முறுக்கை ஓட்டினால் முடி வேரோடு வந்துவிடும். ரசாயனம் இல்லை, சூடு இல்லை, கூர்மையான கருவி இல்லை. கவனிக்க வேண்டியது ஆளுக்குப் புது நூல், சுத்தமான கை, தோலில் புண் இருந்தால் தொடாமல் விடுவது. ஒரு வேலை நாளுக்குள் சொல்லிக்கொடுத்துத் தேர்வும் வைத்துவிடலாம் என்பது என் கணிப்பு. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலமோ இதற்கு 750 மணி நேர அழகுக்கலைப் பயிற்சியும் தேர்வும் கேட்டது. அந்தப் பயிற்சிப் பள்ளிகள் நூல் வேலையைக் கற்றுத்தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை. மாநில உச்ச நீதிமன்றம் 2015-ல் இந்த விதியைத் தள்ளுபடி செய்தபோது, அந்த 750 மணியில் 320 மணி வரை இந்த வேலையின் சுகாதாரத்தோடும் பாதுகாப்போடும் தொடர்பே இல்லாதது என்பதைச் சுட்டியது. முகத்துக்கு ஒப்பனை பூசக் கற்றுக்கொள்ளாதவர் நூலைப் பிடித்தால் யாருக்கு என்ன ஆபத்து என்ற கேள்விக்குக் கடைசி வரை உருப்படியான பதில் வரவில்லை.

இப்படிப்பட்ட விதிகள் எப்படிப் பிறக்கின்றன என்று பார்த்தால், பேனா யார் கையில் இருக்கிறது என்பது தெரியவரும். ஏமாந்த வாடிக்கையாளர்கள் ஊர்வலமாக வந்து உரிமம் கேட்பது அபூர்வம். கேட்பவர்கள் அனேகமாக அந்தத் தொழிலில் ஏற்கெனவே இருக்கும் சங்கத்தார்தான். சட்டம் வந்த பிறகு அதை நடத்தும் வாரியத்திலும் அவர்களே அமர்கிறார்கள். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பெனடிக்டைன் என்னும் கத்தோலிக்கச் சபைத் துறவிகள் தங்கள் மடத்திலேயே மரத்தால் எளிய சவப்பெட்டி செய்து விற்கத் தொடங்கியபோது, இறுதிச் சடங்குத் தொழில் வாரியம் அவர்களைத் தடுத்தது. வாரியத்தின் ஒன்பது உறுப்பினர்களில் எட்டுப் பேர் அதே தொழிலைச் சேர்ந்தவர்கள். விந்தை என்னவென்றால், அடக்கத்துக்குச் சவப்பெட்டி வேண்டும் என்றே அம்மாநிலச் சட்டம் சொல்லவில்லை; போர்வையில் சுற்றிப் புதைக்கலாம், வீட்டில் செய்த பெட்டியில் புதைக்கலாம், துறவிகள் மட்டும் பெட்டி செய்து விற்கக் கூடாது. கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013-ல் துறவிகள் பக்கம் தீர்ப்பளித்தது. அதே மாநிலத்தில் பூங்கொத்து கட்டி விற்பதற்கும் உரிமம் இருந்தது. 2010 வரை செய்முறைத் தேர்வும் நடந்தது. தேர்வருக்கு எதிரே அமர்ந்து மதிப்பெண் போட்டவர்கள் ஏற்கெனவே உரிமம் பெற்ற பூ வியாபாரிகள், அதாவது நாளைய போட்டியாளர்கள்.

வட கரோலினாவின் பல் மருத்துவ வாரியத்தின் கதை இதைவிடப் பச்சையானது. எட்டு உறுப்பினர்களில் ஆறு பேர் தொழில் செய்துகொண்டிருக்கும் பல் மருத்துவர்கள். பேரங்காடிகளிலும் ஒப்பனை நிலையங்களிலும் மலிவாகப் பல்லை வெண்மையாக்கித் தந்தவர்களுக்கு, நிறுத்துங்கள் என்று குறைந்தது 47 கடிதங்கள் போயின. வாரியத்துக்கு வந்திருந்த புகார்களைப் படித்துப் பார்த்தால், வாடிக்கையாளருக்குக் கேடு என்று சொன்னவை சிலவே. பெரும்பாலானவை அவர்கள் வாங்கும் கட்டணம் குறைவு என்று பல் மருத்துவர்கள் எழுதியவை. 2015-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தொழிலில் இருப்பவர்களே கட்டுப்படுத்தும் வாரியம் அரசின் நேரடி மேற்பார்வை இல்லாமல் செயல்பட்டால் போட்டிச் சட்டத்திலிருந்து அதற்கு விலக்கு கிடையாது என்றது. வாரியத்தில் இருந்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தன் தொழிலை நேசிக்கும் எவருக்கும் வெளியிலிருந்து வருபவர் அரைகுறையாகத்தான் தெரிவார். அந்தப் பார்வையைச் சட்டமாக்கும் அதிகாரத்தையும் அவரிடமே கொடுப்பதில்தான் கோளாறு இருக்கிறது.

உரிமச் சட்டம் எதையாவது கையில் எடுத்துப் படிக்க நேர்ந்தால், நான் முதலில் தேடுவது ‘ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது’ என்ற பிரிவைத்தான். அனேகமாக எல்லாவற்றிலும் அது இருக்கும். தேர்வு எழுதாதவரிடம் மக்கள் உயிர் பாதுகாப்பாக இல்லை என்பது உண்மையானால், தேர்வே எழுதாமல் இருபது ஆண்டாக வேலை செய்பவரை மட்டும் எப்படி விட்டுவைக்கிறார்கள்? அனுபவமே தகுதி என்று பதில் வரும். அப்படியானால் புதியவருக்கும் அனுபவ வழியைத் திறந்துவிடலாமே என்று கேட்டால் பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

இதற்கெல்லாம் விலை உண்டு. அமெரிக்காவில் 1950-களில் உழைப்பவர்களில் ஏறக்குறைய 5 விழுக்காட்டினருக்கே மாநில உரிமம் தேவைப்பட்டது. இன்று அது நால்வரில் ஒருவர் என்ற அளவில் இருக்கிறது. வெள்ளை மாளிகை 2015-ல் வெளியிட்ட அறிக்கை, ஒத்த படிப்பும் அனுபவமும் உள்ளவர்களை ஒப்பிட்டால் உரிமம் இல்லாதவர்களின் ஊதியம் 10 முதல் 15 விழுக்காடு குறைவு என்றும், உரிமம் வந்த துறைகளில் நுகர்வோர் தரும் விலை 3 முதல் 16 விழுக்காடு வரை கூடுகிறது என்றும் மதிப்பிட்டது. உள்ளே இருப்பவருக்கு இது உயர்வு. வெளியே நிற்பவருக்கு இது மூடிய கதவு. கதவுக்கு வெளியே யார் அதிகமாக நிற்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று: ஓராண்டு வருமானம் இல்லாமல் படிக்க முடியாதவர்கள், வேறு நாட்டிலிருந்தோ மாநிலத்திலிருந்தோ குடிபெயர்ந்தவர்கள், சிறை சென்று வந்தவர்கள். கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ அணைக்கும் பணியில் கைதிகள் பல்லாண்டுகளாக ஈடுபடுத்தப்பட்டு வருகிறார்கள். அந்த அனுபவத்தோடு விடுதலையாகி வந்தவர்களுக்கு நகரத் தீயணைப்புத் துறையில் சேர வழி அடைபட்டிருந்தது, ஏனெனில் அதற்குத் தேவையான அவசர மருத்துவ உதவியாளர் சான்றைத் தண்டனை பெற்றவர்களுக்கு வழங்க விதிகள் இடம் தரவில்லை. 2020-ல்தான் சட்டம் திருத்தப்பட்டு, தண்டனைப் பதிவை நீக்கக் கோரும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது.

தரம் உயர்ந்ததா என்ற கேள்விக்கு ஆய்வுகள் தரும் பதில் கலவையானது. பல் மருத்துவத்தில் உரிம விதிகள் கடுமையாக இருந்த மாநிலங்களிலிருந்து அமெரிக்க விமானப் படைக்கு வந்தவர்களின் பற்களை ஆராய்ந்த 2000-ஆம் ஆண்டு ஆய்வு, பல்லின் நிலையில் முன்னேற்றம் எதையும் காணவில்லை, கட்டணம் உயர்ந்திருந்ததை மட்டுமே கண்டது. மின்பணி உரிமம் கடுமையாக இருக்கும் இடத்தில் எலெக்ட்ரீஷியன்கள் குறைந்து, மக்கள் தாங்களே கம்பியைத் தொட்டு மின்தாக்குதலுக்கு ஆளாவது கூடுகிறது என்று 1981-ல் ஓர் ஆய்வு வந்தது. இதைப் பலரும் வேதவாக்காக எடுத்துக்காட்டுகிறார்கள். மாநிலங்களுக்கிடையே வேறு எத்தனையோ வேறுபாடுகள் இருக்கும்போது பழியை உரிமத்தின் மேல் மட்டும் போடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. இணையத்தில் வீட்டு வேலைக்கு ஆள் தேடுபவர்கள் உரிமத்தைவிட விலையையும் முந்தைய வாடிக்கையாளர்களின் மதிப்பீட்டையுமே பார்க்கிறார்கள் என்பதை அண்மைக் கால ஆய்வு ஒன்று காட்டுகிறது. ஆகவே நட்சத்திரக் குறிகளே போதும், உரிமத்தை எடுத்துவிடலாம் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். சுவர்ப் பூச்சு அழகாக இருந்ததா, ஆள் நேரத்துக்கு வந்தாரா என்பதற்கு நட்சத்திரம் போதும். பூச்சுக்குப் பின்னால் இருக்கும் கம்பி இணைப்புக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர் அதைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார்.

ஜெர்மனியின் அனுபவம் என் நிலைப்பாட்டுக்கே ஒரு சவால் என்பதால் அதைத் தாண்டிப் போக முடியாது. அங்கே 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2004-க்கு முன் பட்டியலில் இருந்த 94 கைத்தொழில்களில் சொந்தமாகத் தொழில் நடத்த, தேர்வில் தேறிய கைவினை ஆசான் என்னும் ‘மைஸ்டர்’ தகுதி பெற்றிருக்க வேண்டியிருந்தது. 2004-ல் 53 தொழில்கள் இந்தக் கட்டாயத்திலிருந்து விடுவிக்கப்பட்டன. டைல்ஸ் பதிக்கும் நிறுவனங்களின் எண்ணிக்கை மளமளவெனப் பெருகியது; அவற்றில் பல ஒற்றை ஆள் நிறுவனங்கள். அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியமும் கிழக்கே விரிவடைந்ததால், எது எதன் விளைவு என்று பிரிப்பது எளிதன்று. ஆனால் ஒன்று கண்கூடாகத் தெரிந்தது: விடுவிக்கப்பட்ட தொழில்களில் பழகுநர்களைச் சேர்த்துப் பயிற்சி தருவது சரிந்தது. ஒற்றை ஆளாக இயங்குபவர் யாருக்குக் கற்றுக்கொடுப்பார்? கட்டட வேலைக்குச் சட்டம் தரும் ஐந்து ஆண்டு உத்தரவாதம் முடிவதற்குள் நிறுவனமே காணாமல் போய்விடுகிறது என்ற குறையும் எழுந்தது. 2020-ல் டைல்ஸ் பதிப்பு உட்பட 12 தொழில்களுக்குக் கட்டாயம் திரும்ப வந்தது. இடைப்பட்ட காலத்தில் தொடங்கியவர்களுக்கு, வழக்கம்போல, விலக்கு.

உரிமம் இருந்தால் தொழிலைக் கற்றுத்தரும் மரபும் இருக்கும் என்ற இந்த வாதம், நுகர்வோர் பாதுகாப்பு வாதத்தைவிட நேர்மையானது என்றே எண்ணுகிறேன். கற்றுத்தருபவருக்குச் செலவு, பலன் பிறருக்கு என்ற நிலையில் கற்றுத்தருவது குறைந்துபோகும். ஆனால் அதற்குப் பரிகாரம், பயிற்சிக்கென்று துறை முழுவதும் ஒரு சிறு வரி வசூலித்து, பழகுநரைச் சேர்ப்பவருக்கு அதிலிருந்து கொடுப்பது. காணாமல் போகும் நிறுவனத்துக்குப் பரிகாரம், உத்தரவாதக் காப்பீடு இல்லாமல் பெரிய வேலையை ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது. ‘மைஸ்டர்’ என்ற பட்டம் மதிப்பாக இருக்கட்டும். அதைப் பெற்றவர் கூடுதல் கூலி கேட்கட்டும். கொடுக்க விரும்புபவர் கொடுக்கட்டும். தொழிலின் கௌரவத்துக்கு உரிமம் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான், ஏனெனில் கௌரவத்தைத் தருவது சான்று. மற்றவரை வெளியே நிறுத்துவதால் வருவது கூலி உயர்வு மட்டுமே.

நடைமுறையில் ஒரு சட்ட வரைவு என் முன் வைக்கப்பட்டால், இந்தத் தொழிலில் எந்தச் செயல் யாருக்கு மீளாத கேட்டைத் தரும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதித் தரும்படி கேட்பேன். எழுத முடியாவிட்டால் பேச்சு முடிந்தது. எழுத முடிந்தால், இடத்தைச் சோதிப்பது, வேலையைச் சோதிப்பது, காப்பீடு, பதிவு ஆகியவற்றில் எதுவும் ஏன் போதாது என்று அடுத்துக் கேட்பேன். பச்சை குத்தும் இடங்களில் ஊசி வழியே மஞ்சள் காமாலை பரவலாம் என்பது உண்மையான ஆபத்து. அதற்குக் கருவிகளைக் கிருமி நீக்கும் கலத்தையும் ஊசிப் பெட்டியையும் சோதிக்கும் ஆய்வாளர் போதும், ஓவியத் தேர்வு வேண்டாம். பூட்டுத் திறப்பவரிடம் அஞ்ச வேண்டியது அவரது நாணயக் குறைவு. அதற்குப் பின்னணி விசாரணையோடு கூடிய பதிவு போதும். கடைசியாக, சட்டம் குறித்த காலத்துக்குப் பிறகு தானே காலாவதியாக வேண்டும், வேண்டுமென்பவர்கள் மறுபடி வந்து நிறுவட்டும். இத்தகைய காலாவதி விதியை அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 1976-லேயே கொண்டுவந்தது.

எனக்கே முடிவு எட்டாத ஓர் இடமும் இருக்கிறது: பராமரிப்புப் பணி. குழந்தைக் காப்பகத்திலும் முதியோர் வீட்டிலும் கேடு மீளாதது, மூடிய கதவுக்குள் நடப்பது, அனுபவிப்பவரால் வாய் திறந்து சொல்ல முடியாதது. நான் மேலே சொன்ன மூன்று அம்சங்களும் இங்கே முழுமையாகப் பொருந்துகின்றன. ஆனால் தேர்வோ வகுப்போ பொறுமையை அளக்காது. வாஷிங்டன் நகரம் 2016-ல் குழந்தைக் காப்பகப் பணியாளர்கள் கல்லூரிப் படிப்பு முடித்திருக்க வேண்டும் என்று விதித்தது. பல ஆண்டுகளாகக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2022-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்றது. படிப்பு இல்லாத ஆனால் கைதேர்ந்த ஒரு பராமரிப்பாளரை வெளியேற்றுவதும், ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் வரும் ஆய்வாளரை நம்பிக் குழந்தையை விட்டுச் செல்வதும், இரண்டுமே எனக்கு ஒப்புதலாக இல்லை. பின்னணி விசாரணை, ஒருவரிடம் எத்தனை குழந்தைகளை விடலாம் என்ற வரம்பு, முன்னறிவிப்பற்ற அடிக்கடி ஆய்வு, மூச்சடைப்புக்கும் காய்ச்சலுக்கும் முதலுதவி தெரிந்திருக்கிறதா என்று ஓரிரு நாளில் முடியும் தேர்வு, இவ்வளவையும் வைத்துப் பார்த்துவிட்டு, அப்போதும் போதாது என்று தெரிந்தால் படிப்பைக் கேட்கலாம் என்பதே இப்போதைக்கு நான் வந்து நிற்கும் இடம்.